முப்பது கிலோவைத் திருடியது யார்?

பிரேக்கைப் பிடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம்.

சத்தம் எஞ்சினிலிருந்து வரவில்லை. ஹேண்டில்பாருக்கு அடியில், அவளுடைய இரண்டு உள்ளங்கைகளுக்கும் கீழே, இரும்பு இரும்பை முட்டிய சத்தம். மேம்பாலத்தின் இறக்கம். சிக்னல் சிவப்புக்கு மாற, முன்னால் போன வேன் நின்றுவிட்டது. பைக்கின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்தது. குனிந்தது நிமிரவே இல்லை. பாலம் முடிகிற இடத்தில் ரோடு போட்டவர்கள் அவசரத்தில் விட்டுவிட்டுப் போன ஒரு மேடு. முன்சக்கரம் அதில் ஏறியபோது, இன்னும் அமுங்குவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. சக்கரம் துள்ளியது. துள்ளி இறங்கிய வேகத்தில் வழுக்கியது.

அடுத்த கணம் அவள் ரோட்டில் கிடந்தாள். தலைக்கும் வேனின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி.

ஜாக்கெட்டின் முழங்கை கிழிந்து, உள்ளே தோலும் கிழிந்திருந்தது. பைக்கின் பின்னாலிருந்த நீலப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. காலையிலிருந்து கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கி வாங்கி வந்த ரத்தக் குழாய்கள் தார் ரோடு முழுக்கச் சிதறி உடைந்திருந்தன.

"ஐயோ, இவ்ளோ ரத்தம் போயிடுச்சே!" என்று ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது என்னுது இல்ல. ஊர் ரத்தம்" என்றாள் அவள், எழுந்து உட்கார்ந்தபடி.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இவ்ளோ உடம்பை வெச்சிக்கிட்டு இந்தம்மாவுக்கு பைக் எதுக்கு?"

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் குரலுக்குச் சொந்தக்காரன் கூட்டத்தில் கரைந்துவிட்டான். அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால், ரோட்டில் கிடந்த ரத்தத்தில் கொஞ்சம் அவனுடையதும் கலந்திருக்கும்.

ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு ரத்த மாதிரிகளைச் சேகரித்துக் கொண்டு வருவது அவள் வேலை. வருஷக்கணக்காக இதே வேலை. இதுவரை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அவளுடைய எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. கேட்டால் நெளிகிற ரகமில்லை, கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள். போன மாதம்தான் பைக்கின் முன்னாலும் பின்னாலும் இருந்த ஸ்ப்ரிங்குகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் எடைக்கென்றே ஆர்டர் கொடுத்துச் செய்த புது ஸ்ப்ரிங்குகளை மாட்டியிருந்தாள்.

அப்படியிருந்தும் எதற்காக அந்த 'டக்'?

*

"நல்லா யோசிச்சுதான் சொல்றேன்" என்றார் பரிசோதனைக் கூடத்து மேனேஜர். மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "உங்க உடம்புக்கு பைக் செட் ஆகாது. நாளையிலேர்ந்து லேபிள் ஒட்டற செக்‌ஷன்ல உட்கார்ந்துக்குங்க. நிழல்ல வேலை. ஃபேன் இருக்கு."

"என் உடம்புக்கு செட் ஆகணும்னுதான் சார் ஸ்ப்ரிங்கே மாத்தினேன்."

"மாத்தியும் விழுந்துட்டீங்களே?"

அந்தக் கேள்வி முழங்கையைவிட அதிகமாக எரிந்தது.

லேபிள் ஒட்டும் அறையை அவள் அறிவாள். ஜன்னல் கிடையாது. டியூப் லைட் வெளிச்சத்தில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு நாள் முழுக்கக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுவார்கள். பைக்கில் கிளம்பினால் ஊரே அவளுடைய ஆபீஸ். எந்தத் தெருவில் பள்ளம், எந்த சிக்னலில் எப்போது கூட்டம், எந்த கிளினிக் வாட்ச்மேன் எப்போது சாப்பிடப் போவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு ஒரு பசைக் குப்பியைக் கையில் கொடுக்கிறார் இந்த மனிதர்.

அவளை அழைத்துப்போக வந்திருந்த கணவன் பக்கத்து நாற்காலியில் இருந்தான். கூடப் பேசுவான் என்று திரும்பிப் பார்த்தாள்.

பேசினான்.

"நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன் சார். கேட்டாத்தானே?"

மேனேஜர் 'எனக்குப் புரிகிறது' என்பது போலத் தலையாட்டினார். இரண்டு ஆண்கள், ஒரு தலையாட்டல், முடிந்தது விஷயம். அவளுக்கு உச்சந்தலை சுட்டது.

"சார், சேஃப்டி ஆபீசர் வெள்ளிக்கிழமை வர்றார் இல்ல?"

"ஆமா. வண்டியெல்லாம் செக் பண்ண வர்றார்."

"அவர் முன்னாடி ஓட்டிக் காட்டறேன். அவர் வேணாம்னு சொல்லட்டும். அந்த லேபிளை என் நெத்தியில நானே ஒட்டிக்கிட்டு உள்ள போய் உட்கார்றேன். அதுவரைக்கும் என் ரூட்டை வேற யாருக்கும் குடுக்காதீங்க."

மேனேஜர் பேப்பர் வெயிட்டை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் கணவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எதுக்கும்மா வீம்பு? பைக்கை வித்துடலாம். ஒரு ஆள் ரெடியா இருக்கான். நாளைக்கே வந்து எடுத்துக்குவான்."

"நாளைக்கேவா? என்னங்க அவ்ளோ அவசரம்?"

"சும்மாதான்."

அந்த 'சும்மாதான்' அவள் காதில் சிக்கிக்கொண்டது. அப்போது அதை எடுத்துப் பார்க்க நேரமில்லை.

*

பைக் மெக்கானிக்குக்கு ஊரார் வைத்த பெயர் ரேடியோ. அவர் வாய்க்கு அணைக்கிற பட்டன் கிடையாது. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பேசுவார், பல்லில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டும் பேசுவார்.

"வா தங்கச்சி, கேள்விப்பட்டேன், கை எப்படி இருக்கு, ஊசி போட்டாங்களா, நான்கூட ஒரு தடவை இப்படித்தான்..."

"அண்ணே, கையை விடு. பைக்கைப் பிரி."

ரேடியோ முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் முன்னால் உட்கார்ந்தார். ஸ்ப்ரிங் மாட்டிய அன்று ஃபோர்க் குழாயைச் சுற்றி, வயர்களைக் கட்டுகிற ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டிவிட்டிருந்தார். ஃபோர்க் அமுங்கும்போது அது டையைத் தள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு தூரம் அமுங்கியது என்று டை நிற்கிற இடமே சொல்லிவிடும். பாதிக்கு மேல் கொஞ்சம் தள்ளி நின்றிருக்க வேண்டிய டை, கடைசி முனையில் போய் நசுங்கிக் கிடந்தது.

"முட்டியிருக்கு" என்றார். "மொத்தமா அமுங்கி அடியில முட்டியிருக்கு. அதான் உனக்கு டக்குனு கேட்டிருக்கு."

"ஏன் முட்டுச்சு? என் எடைக்குச் செஞ்ச ஸ்ப்ரிங்தானே?"

"உன் எடைக்குச் செஞ்சதுதான். ரோட்டுல மேடு இருந்துச்சுன்னியே, இந்த ரோடு போடறவனுங்க..."

"அண்ணே. ரோட்டை அப்புறம் திட்டலாம். ஸ்ப்ரிங்கை வெளிய எடு."

ரேடியோ ஃபோர்க் குழாயின் மூடியைத் திருகினார். ஸ்ப்ரிங்குக்கு முன்னால் வேறொன்று வெளியே வந்தது. ஒரு விரற்கடை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. உருண்டு போய் அவள் செருப்பில் இடித்து நின்றது.

"இது என்ன?"

ரேடியோ வாய் மூடியிருந்ததை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

"அண்ணே, உன்னைத்தான் கேக்கறேன்."

"அது வந்து தங்கச்சி... ஸ்ப்ரிங் வந்த அன்னைக்கு மாட்டிட்டு உன்னை உட்கார வெச்சு அளந்தேன் இல்ல? இறங்க வேண்டியதைவிட ஒரு விரக்கடை கூடவே இறங்குச்சு. சரின்னு ஸ்ப்ரிங் தலையில இந்தத் துண்டை வெச்சு இறுக்கிட்டேன். அளவு கரெக்டா வந்துடுச்சு."

"நிக்கும்போது அளவு வந்துடுச்சு. ஓடும்போது?"

"ஓடும்போது..." அவர் தலையைச் சொறிந்தார். "துண்டை வெச்சா வண்டி உசரமா நிக்கும். அவ்ளோதான். ஸ்ப்ரிங்குக்கு பலம் கூடிடாது. சட்டுனு பிரேக் அடிச்சா பலம் உள்ளதுதான் தாங்கும்."

"அப்போ பலம் பத்தாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு."

"தெரியல. ஒரு சந்தேகம்தான். கம்பெனி ஸ்ப்ரிங்காச்சே, அவங்க கணக்கு தப்பாது, என் அளவுதான் தப்போன்னு..."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? காலையில ஷட்டரைத் திறந்தா சாயங்காலம் வரைக்கும் உன் வாய் மூடாது. கேக்க வேண்டிய ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் மூடிக்கிட்டியே! என் தலை வேன் டயருக்கு ஒரு கை தூரத்துல கிடந்துச்சுண்ணே. ஒரு கை!"

பக்கத்து டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. ரேடியோ தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான். திட்டு. வாங்கிக்கறேன்."

"திட்டறதுக்கு நேரமில்லை. இந்த ஸ்ப்ரிங் பலம் எவ்ளோ? பார்க்க வழி இருக்கா?"

இருந்தது. துளை போடும் மிஷினுக்கு அடியில் எடை மெஷினை வைத்தார். ஸ்ப்ரிங்கை அதன் மேல் நிறுத்தி, கோணாமலிருக்க உள்ளே ஒரு கம்பியை விட்டார். மிஷினின் கைப்பிடியைச் சுற்றி ஸ்ப்ரிங்கைச் சரியாக ஒரு சென்டிமீட்டர் அமுக்கினார். எடை மெஷினின் முள் எழுந்து நின்றது.

"ஏழரை" என்றார் ரேடியோ.

"நல்ல நம்பர்தான். நம்ம நேரத்துக்குப் பொருத்தமா வந்திருக்கு. எவ்ளோ வரணும்?"

"உன் எடைக்கு ஒன்பதரை. ஏழரைன்னா..." மனதுக்குள் கணக்குப் போட்டார். "எண்பத்தஞ்சு, தொண்ணூறு கிலோ ஆளுக்கு."

இருவரும் ஸ்ப்ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்ன எடை சொன்ன அண்ணே?"

"நூத்திப் பதினெட்டு! என் தராசுல ஏறி நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி நீதானே சொன்ன? அதைத்தான் உன் வீட்டுக்காரருக்கு போன்ல சொன்னேன். அவர் கடை வழியாத்தானே ஆர்டர் போச்சு?"

உண்மைதான். கணவனுக்கு வாகன உதிரிபாகக் கடையில் கவுண்டர் வேலை. வெளியூரிலிருக்கும் ஸ்ப்ரிங் கம்பெனிக்கு அந்தக் கடையிலிருந்துதான் ஆர்டர் சொல்ல முடியும்.

ஆக, ரேடியோ சொன்னது நூற்றுப் பதினெட்டு. வந்தது கிட்டத்தட்ட முப்பது கிலோ குறைவான ஆளுக்கு. நடுவில் எங்கேயோ ஒரு மூட்டை அளவுக்கு அவள் காணாமல் போயிருக்கிறாள்.

கம்பெனிக்காரன்தான் சொதப்பியிருப்பான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவனாகத்தான் இருக்க வேண்டும். போனை எடுத்தாள்.

*

மறுமுனையில் ஒரு பெண் குரல். ஆர்டர் எடுப்பவள். இவள் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் பக்கம் "ஆ, ஞாபகம் இருக்கு மேடம்" என்றது.

"ஞாபகம் இருக்கா? உங்களுக்குத் தினம் எத்தனை ஆர்டர் வரும்?"

"நிறைய வரும். ஆனா அந்த போனை மறக்க முடியல." குரல் தயங்கியது. "எண்பத்தெட்டு கிலோன்னு சொன்னாங்க. அந்த மாடல் வண்டிக்கு எண்பத்தெட்டுன்னா பெருசா மாத்தவே தேவையில்லை. அதனால நான் ரெண்டாவது தடவையும் கேட்டேன். எண்பத்தெட்டுதான்னு உறுதியா சொன்னாங்க."

"சொன்னது ஆம்பளைக் குரலா?"

"ஆமா மேடம். ஓட்டறது யாருன்னு கேட்டேன். வீட்டுல அவங்கதான்னார். அப்போ பக்கத்துல யாரோ..." நிறுத்திவிட்டாள்.

"சொல்லுங்க."

"வேணாம் மேடம். தப்பா எடுத்துப்பீங்க."

"ஏற்கெனவே ரோட்டுல விழுந்து எந்திரிச்சு வந்திருக்கேன். இதுக்கு மேல விழ இடமில்லை. சொல்லுங்க."

"பக்கத்துல யாரோ, 'எண்பத்தெட்டா? ஒரு காலுக்கு மட்டுமா?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. போன் பேசினவரும் சிரிச்சார்."

அவள் போனை வைத்தாள். தரையில் கிடந்த குழாய்த் துண்டை எடுத்து ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி, எங்க போற? இரு, நானும் வரேன், கோபத்துல எதுவும்..."

"அண்ணே, ரேடியோவை ஆஃப் பண்ணு."

உதிரிபாகக் கடைக்கு இரண்டு தெரு. ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து மெதுவானது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமெடுத்துப் போய்விட்டது. நூற்றுப் பதினெட்டு கிலோவும் கோபமாக நடந்துகொண்டிருந்தது.

*

கடையில் கூட்டம். கவுண்டருக்குப் பின்னால் கணவன் யாருக்கோ பிரேக் கேபிளை அளந்துகொண்டிருந்தான். கல்லாவில் கேஷியர், எப்போதும் போலப் பல்குச்சியும் வாயுமாக. 'ஒரு காலுக்கு மட்டுமா' என்ற குரல் இந்த வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போன வருஷம் இதே ஆள்தான் கேட்டான், வீட்டில் ரெண்டு பேர் சாப்பாட்டையும் அவளே சாப்பிட்டுவிடுகிறாளா, அதனால்தான் அவள் புருஷன் இப்படி ஒல்லியாக இருக்கிறானா என்று.

அவளைப் பார்த்ததும் கணவன் கையிலிருந்த கேபிள் நழுவியது. கவுண்டரைச் சுற்றி ஓடி வந்து, அவளை முழங்கையைத் தொடாமல் பிடித்துப் பின்பக்கக் கோடவுனுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏம்மா, இங்கெல்லாம் எதுக்கு..."

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அந்த மரியாதை கோடவுன் வாசலிலேயே கழன்று நின்றுகொண்டது.

"அந்த முப்பது கிலோவை எங்க வெச்ச?"

"எ... எந்த முப்பது கிலோ?"

"என்னோடது. நூத்திப் பதினெட்டு கிலோ கிளம்பிச்சு, எண்பத்தெட்டு போய்ச் சேர்ந்துச்சு. நடுவுல நீ ஒருத்தன்தான். எங்க வெச்சிருக்க? பீரோவிலயா?"

அவன் கதவைச் சாத்தினான். சுற்றிலும் ஷாக் அப்சார்பர் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அத்தனை ஸ்ப்ரிங்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கத்தாதே. அன்னைக்குக் கவுண்டர்ல அத்தனை பேர் நின்னுகிட்டிருந்தாங்க. எப்படி நூத்திப் பதினெட்டுன்னு சொல்றது? உன் மானத்தைக் காப்பாத்தத்தான்..."

"என் மானமா? ஷெட்டுல தராசு மேல ஏறி நின்னு நானே சத்தமா சொன்னேன். அப்போ போகாத என் மானம், நீ சொன்னா மட்டும் போயிடுமா? காப்பாத்தினது உன் மானத்தை. பேரை மட்டும் என் தலையில எழுதாதே."

"கொஞ்சம் குறைச்சுச் சொன்னா என்ன ஆயிடப்போவுதுன்னு..."

"என்ன ஆச்சு பார்த்தியா?" ஜாக்கெட் பையிலிருந்து குழாய்த் துண்டை எடுத்து ஒரு பெட்டி மேல் 'டக்' என்று வைத்தாள். அவன் துள்ளினான். "இது என்ன தெரியுமா? என் ஃபோர்க்குக்குள்ள இருந்துச்சு. நீ சொன்ன பொய்யோட நீளம். அளந்து வெட்டி உள்ள வெச்சிருக்கார் ரேடியோ."

அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் கிழிந்த முழங்கையையும் பார்க்கவில்லை.

"எண்பத்தெட்டுக்கே அந்தக் கேஷியர் 'ஒரு காலுக்கு மட்டுமா'ன்னு கேட்டானாமே. நீ என்ன பண்ண?"

அவன் ஒரு பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டினான்.

"என்ன பண்ணன்னு கேக்கறேன்."

"சிரிச்சேன்."

கதவுக்கு வெளியே யாரோ ஹெட்லைட் பல்பு விலை கேட்கிற சத்தம் கேட்டது. அவள் குரல் இறங்கியது; அது ஏறியிருந்ததைவிடப் பயங்கரமாக இருந்தது.

"இன்னொண்ணு கேக்கறேன். யோசிக்காம சொல்லு. நான் விழுந்தது எதனாலன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"அது..."

"பைக்கை நாளைக்கே வித்துடலாம்னு ஆட்டோவுல சொன்னியே. எதுக்கு? ரேடியோ பிரிச்சுப் பார்த்துடுவார்னா?"

அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். "பைக்கை எடுக்கப் போனப்போ ஸ்பாட்டுல போலீஸ்காரர் சொன்னார், முன்பக்கம் முழுசா அமுங்கியிருக்குன்னு. அப்பவே... அப்பவே தெரிஞ்சிடுச்சு. சொன்னா நீ..."

"தெரிஞ்சுகிட்டுத்தான் மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து, 'எத்தனையோ தடவை சொல்லிட்டேன் சார்'னு சொன்னியா? என் வேலை போனாலும் பரவாயில்லை, நீ சொன்ன பொய் வெளிய வரக் கூடாது. அப்படித்தானே?"

"மன்னிச்சிடும்மா."

"இங்க கேக்காதே. இங்க யாரும் இல்லை. எந்திரி. அதே போன், அதே இடம், அதே ஆளுங்க. போய் ஆர்டர் போடு. சத்தமா."

*

கணவன் கவுண்டர் போனை எடுத்தபோது கேஷியர் பல்குச்சியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றிக்கொண்டான். அவள் கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாள். ஸ்பீக்கர் பட்டனை அவளே அமுக்கினாள்.

"ஸ்ப்ரிங் ஆர்டர்... முன்னாடி போட்டதே... எடையை மாத்தணும்."

"சொல்லுங்க சார். எடை எவ்ளோ?"

"நூத்... பதி..."

"கேக்கல சார்."

"கேக்கலையாம்" என்றாள் அவள்.

"நூத்திப் பதினெட்டு!" கத்திவிட்டான். கடையிலிருந்த தலைகளெல்லாம் திரும்பின. "நூத்திப் பதினெட்டு கிலோ!"

"ஓட்டறது யாரு சார்?"

அவன் அவளைப் பார்த்தான். காதுகள் சிவந்திருந்தன. "என் பொண்டாட்டி."

"பின்னாடி லோடு ஏதாவது?"

"பத்து கிலோ பெட்டி" என்றாள் அவள். "ஆள் யாரும் கிடையாது. போன தடவை ஒரு ஆள் பேசின பேச்சு ஞாபகம் இருக்கு இல்ல? அந்த ஆள் இங்கதான் இருக்கார்." கேஷியர் பக்கம் திரும்பினாள். "சார், கேளுங்க. ஒரு காலுக்கு மட்டுமான்னு கேளுங்க. அன்னைக்குக் கேட்டீங்களே, இன்னைக்கு நான் நேர்லயே இருக்கேன். ரெண்டு காலும் இருக்கு. எந்தக் கால்னு சொல்லுங்க, தூக்கிக் காட்டறேன்."

கேஷியர் கால்குலேட்டரை எடுத்து எதையோ மும்முரமாகக் கூட்ட ஆரம்பித்தான். பல்குச்சி எங்கே போனதென்று தெரியவில்லை, விழுங்கியிருக்கலாம்.

பிரேக் ஷூ வாங்க வந்திருந்த ஒரு பருத்த மனிதர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கம்பெனி நம்பரைக் கொஞ்சம் எனக்கும் குடுங்க. நான் நூத்தி அஞ்சு. ஒவ்வொரு பள்ளத்துலயும் முதுகு போவுது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

*

வியாழக்கிழமை பார்சல் வந்தது. ரேடியோ முதலில் ஸ்ப்ரிங்கை எடை மெஷினில் வைத்து அமுக்கினார். ஒன்பதரை. மாட்டினார், எண்ணெய் மாற்றினார், அவளை உட்கார வைத்து அளந்தார். துண்டு எதுவும் வைக்கவில்லை. பின்பக்க ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தை அவளுக்கும் பெட்டிக்கும் மட்டுமாகத் திருகி நிறுத்தினார். வேலை முடிகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் தாங்க முடியாமல், "புது டை கட்டியிருக்கேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கொடுத்த டீயைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பரிசோதனைக் கூடத்தின் பின்பக்க மைதானத்தில் சேஃப்டி ஆபீசர் காத்திருந்தார். ஒடிசலான மனிதர், முகத்தில் எந்தச் செய்தியும் இல்லை. நீலப் பெட்டியில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை அடுக்கினார். மைதானத்தின் நடுவில் ஒரு வேகத்தடை. அதற்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு.

"கோட்டுல பிரேக் பிடிக்கணும். பிரேக்கை விடாம அது மேல ஏறணும்."

மேம்பாலத்தில் நடந்தது அப்படியே. மனிதர் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

மேனேஜர் நிழலில் நின்றார். அவருக்குப் பின்னால் லேபிள் அறையின் கதவு திறந்திருந்தது.

அவள் கியரைப் போட்டாள். முழங்கை இழுத்தது. கோடு நெருங்கியது. பயம் வந்தது, பயத்தின் மேல் கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிரேக்கை முழுசாகப் பிடித்தாள். மூக்கு குனிந்தது. குனிந்தபடியே தடையில் மோதியது. கைகள் இரண்டும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தன.

சத்தம் வரவில்லை. சக்கரம் இன்னும் கொஞ்சம் அமுங்கி, தடையைத் தாண்டி, நிமிர்ந்து, நேர்கோட்டில் நின்றது.

"இன்னும் வேகமா" என்றார் சேஃப்டி ஆபீசர்.

இன்னும் வேகமாகவும் ஓட்டினாள். அதைவிட வேகமாகவும். கடைசியில் அவர் பெட்டியைத் திறந்தார். ஒரு குழாய்கூட உடையவில்லை. பிறகு குனிந்து ஃபோர்க்கில் இருந்த டையைப் பார்த்தார். அடிமுனைக்கு மேல் தன் விரல்களை வைத்து அளந்தார்.

"ரெண்டு விரல் மிச்சம் இருக்கு. ஓட்டலாம்." அவ்வளவுதான். அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். தோற்றவர்கள் வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்பு. "பரவாயில்லையே! கொஞ்சம் இளைச்சிருக்கீங்க போல?"

"ஒரு கிலோ ஏறியிருக்கேன் சார். ஓட்டாம உட்கார வெச்சீங்கல்ல?"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கு வந்தாள்.

கேட்டுக்கு வெளியே கணவன் நின்றிருந்தான். அரைநாள் லீவு போட்டிருப்பான். கையில் வீட்டிலிருந்த பழைய ஹெல்மெட். கோடவுன் வாசலில் கழன்று நின்ற 'நீங்க' இன்னும் அவளிடம் திரும்பி வரவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் பேசியது சுவருடன்தான்.

"பார்த்தேன். கேட் வழியா" என்றான். "நல்லா ஓட்டின." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "கிளம்பலாமா? என்னைக் கடையில இறக்கி விட்டுடேன்."

"உன் எடை எவ்ளோ?"

"என்ன?"

"எடை. சத்தமா."

கேட்டிலிருந்த வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். கணவன் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அறுபத்திரண்டு."

"இந்த ஸ்ப்ரிங் எனக்கும் பெட்டிக்கும் போட்டது. அதுக்கு மேல அறுபத்திரண்டை ஏத்தணும்னா ரேடியோகிட்ட போய்ப் பின்னாடி முறுக்கணும்."

"முறுக்கிக்கலாமே. எப்போ போகலாம்?"

"தெரியல." ஹெல்மெட் கண்ணாடியைத் தாழ்த்தினாள். "பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்."

பைக் கிளம்பியது. முதல் கிளினிக் வாட்ச்மேன் சாப்பிடப் போவதற்குள் போய்ச் சேர வேண்டும்.